கண்ணாடிக் குத்தகையாளரைத் தெரிந்தெடுப்பது எப்படி?

(பத்தாங் காலி வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேசைமீது மூன்று கண்ணாடித் துண்டுகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, வித்தை காட்டப் போகிறேனோ என்று முன்வரிசைப் பிள்ளைகள் கேட்டார்கள். வித்தை ஒன்றுமில்லை. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதுவரை யாரும் தொடவேண்டாம். ஒரு துண்டின் விளிம்பு தீட்டப்படாதது, பால்வெட்டும் உளியைப் போல் கூரானது.

என் சிறு வயதில் நாங்கள் குடியிருந்த லயன் வீட்டில் கண்ணாடி என்றால் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான். சன்னலுக்குப் பலகைக் கதவு. மழை வந்தால் சாத்துவோம், வெயில் வந்தால் திறப்போம். அதைப் பழுதுபார்க்க ஆணியும் சுத்தியலும் போதும். இன்று நிலை அவ்வாறில்லை. செரெண்டாவிலும் பத்தாங் காலியிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் எழுந்திருக்கும் வீடமைப்புப் பகுதிகளில் நம்மவர் பலர் சொந்த வீடு வாங்கியிருக்கின்றனர். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த வரலாற்றை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அவர்களுக்கான வீடமைப்புத் திட்டம் 2023-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து வீட்டில் வாழ்ந்தவர்கள், முதன்முறையாகத் தம் பெயரிலுள்ள வீட்டின் சாவியைக் கையில் பெறும்போது செய்ய விரும்பும் வேலைகளுள் கண்ணாடி வேலையும் ஒன்று. சன்னலை மாற்ற வேண்டும். பின்கட்டுக்கு நகரும் கதவு வைக்க வேண்டும். குளியலறைக்குத் தடுப்பு வேண்டும். அப்போதுதான் 'குத்தகையாளர்' என்ற மனிதர் வாழ்வில் நுழைகிறார்.

அந்த மனிதரைத் தெரிந்தெடுப்பது பற்றிப் பேசுமுன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். நீங்கள் இப்போது குடியிருக்கும் வீடு யாருடையது?

தோட்ட நிர்வாகத்தின் வீடாக இருந்தால், உடைந்த சன்னல் கண்ணாடிக்கு நீங்கள் கைப்பணம் செலவிட வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், முதலாளி தாம் வழங்கும் வீட்டை நல்ல நிலையில் பேணவேண்டும் என்று கூறுகிறது. ஆகவே பழுதை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேதியிட்டு ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பிரட்டில் கங்காணியாரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆறு மாதம் அட்டையைக் கட்டி மறைத்திருந்த குடும்பத்தை நான் கண்டிருக்கிறேன். கேட்டும் நடக்கவில்லையெனில், உங்கள் சங்கத் தலைவர் வழியாகவோ தொழிலாளர் இலாகா வழியாகவோ முறையிடலாம். எனவே இனி நான் சொல்வதெல்லாம் சொந்த வீட்டுக்கும், ஓய்வுபெற்றபின் சிலர் நடத்தும் சிறு கடைக்கும் உரியவை.

இப்பொழுது மேசைக்கு வருவோம்.

முதல் துண்டு சாதாரணக் கண்ணாடி. உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின்மீது மிதக்கவிட்டு ஆற வைப்பதால் இது சமனான தகடாகக் கிடைக்கிறது. இங்கிலாந்தில் அலஸ்டயர் பில்கிங்டன் என்பவர் உருவாக்கி 1959-இல் உலகுக்கு அறிவித்த முறை இது. இன்றும் நம் சன்னல்களுக்கு வரும் கண்ணாடி பெரும்பாலும் இம்முறையில் செய்யப்பட்டதே. விலை குறைவு, வெட்டுவது எளிது. ஆனால் உடைந்தால் நீண்ட வாள் போன்ற துண்டுகளாக உடையும்.

இரண்டாவது துண்டு டெம்பர்ட் கண்ணாடி, அதாவது பதமேற்றியது. சாதாரணக் கண்ணாடியை முதலில் வேண்டிய அளவுக்கு வெட்டி, 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி, இருபுறமும் காற்றைப் பாய்ச்சித் திடீரெனக் குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பின்னர் இறுகும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அந்த இறுக்கமே இதன் வலிமை. சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. உடைந்தாலும் கற்கண்டு போன்ற சிறு கட்டிகளாகச் சிதறும். கீறலாம், ஆனால் நரம்பை அறுக்கும் வாளாகாது. இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. இரண்டும் உங்கள் பணத்தோடு தொடர்புடையவை. ஒன்று, பதமேற்றிய பின் இதை வெட்டவோ துளையிடவோ முடியாது. வெட்டினால் முழுத் தகடும் சிதறும். மற்றொன்று, நடுப்பகுதி உறுதியானது, விளிம்பு மென்மையானது. விளிம்பில் பட்ட ஒரு சிறு அடி, கதவு முழுவதையும் நொறுக்கிவிடக்கூடும்.

மூன்றாவது துண்டு லேமினேட்டட் கண்ணாடி. இரு தகடுகளுக்கிடையே ஒரு மெல்லிய நெகிழித் தாளை ஒட்டியது. இதன் விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு அடுக்கும் நடுவே ஒரு கோடும் தெரியும். உடைந்தால் துண்டுகள் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே விழாது. வாகனங்களின் முன்கண்ணாடி இவ்வகையே. தலைக்குமேல் வரும் கண்ணாடிக் கூரைக்கு இதுதான் பொருத்தம். வாசல் முன்கூரைக்குக் கண்ணாடி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 'டெம்பர்ட் போட்டால் போதும்' என்று எந்தக் குத்தகையாளர் சொன்னாலும் நம்பாதீர்கள். பதமேற்றிய கண்ணாடி நொறுங்கும்போது கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகக் கீழே விழும். அடியில் நிற்பவர் தலை தாங்காது.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு எனக்குச் சற்றுத் தயக்கம்தான். ஆயினும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையார், தம் வீட்டின் பின்கட்டுக்கு நகரும் கண்ணாடிக் கதவு வைத்தார். அத்தான் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். சேமநிதியிலிருந்து எடுத்த பணம். தெரிந்தவர் ஒருவர் சொன்னதன்பேரில் ஒரு குத்தகையாளரை அழைத்தார்கள். அவர் பெயரும் கடையும் இங்கே வேண்டாம். 'டெம்பர்ட்தான் போடுவேன், அக்கா' என்று அவர் கூறினார். வேலை ஒரே நாளில் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, என் தமக்கையின் பேத்தி, நான்கு வயதுக் குழந்தை, மூடியிருந்த கதவைத் திறந்திருப்பதாக எண்ணி ஓடிவந்து மோதினாள். கண்ணாடி வாள் வாளாக உடைந்து விழுந்தது. குழந்தையின் முழங்கையிலும் தோளிலும் பதினான்கு தையல் போட வேண்டியதாயிற்று. கண்ணில் படாதது இறைவன் செயல்.

நான் சென்று ரசீதை எடுத்துப் பார்த்தேன். 'கண்ணாடிக் கதவு 1' என்று எழுதி, ஒரு தொகையும் இருந்தது. அவ்வளவே. எந்தக் கண்ணாடி, எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, எவரால் அளக்கப்பட்டது என எதுவுமில்லை. கடைக்கு உரியவர் பெயருமில்லை. ஒரு கைத்தொலைபேசி எண் மட்டும். அந்த எண் பின்னர் எடுபடவே இல்லை. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன்; ஊருக்கெல்லாம் தகவல் சொல்வது என் தொழில். என் குடும்பத்தாருக்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதி வாங்கும்படி நான் முன்பே சொல்லவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே முதலில் தாளைப் பற்றிப் பேசுவோம்.

விலைக் குறிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். அதில் இன்ன வகைக் கண்ணாடி, இன்ன தடிப்பு, எத்தனை சதுர அடி, சட்டம் அலுமினியமா மரமா, பழையதைக் கழற்றி அப்புறப்படுத்துவதும் அதில் அடங்குமா, வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும், எத்தனை மாதத்துக்கு உத்தரவாதம் என்பவை இருக்க வேண்டும். 'டெம்பர்ட்' என்ற சொல் தாளில் இருந்தால், கதவு வந்து சேரும் நாளில் கண்ணாடியின் மூலையைப் பாருங்கள். பதமேற்றும் ஆலைகள் வழக்கமாக அங்கே அழியாத சிறு முத்திரை ஒன்றைப் பதிக்கும். சிரிம் தரமுத்திரை உண்டா என்றும் கேளுங்கள். முத்திரையே இல்லாத கண்ணாடியைக் காட்டி 'இது முத்திரை அழிந்துபோன டெம்பர்ட்' என்பாரானால், நன்றி சொல்லி வண்டியில் திருப்பி ஏற்றச் சொல்லுங்கள்.

அளவு என்பது நமக்குப் புதிதல்ல. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணியார் என்ன எழுதுகிறார் என்பதை எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைக் கண்ணாடிக் கடையிலும் கைவிட வேண்டாம். கண்ணாடி வேலைக்குச் சதுர அடிக் கணக்கில்தான் பெரும்பாலும் விலை சொல்வார்கள். ஒரு சன்னல் நான்கு அடிக்கு ஐந்து அடி என்றால் 20 சதுர அடி. சதுர அடிக்கு 35 ரிங்கிட் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 700 ரிங்கிட் ஆகிறது. அதே சன்னலை 'நாலரைக்கு ஐந்தரை' என்று சற்றுத் தாராளமாக எழுதினால் 24.75 சதுர அடி, 866 ரிங்கிட் 25 காசு. ஆறு சன்னலுக்கு வித்தியாசம் 997 ரிங்கிட் 50 காசு. சதுர அடி விலையில் பேரம் பேசி இரண்டு ரிங்கிட் குறைத்துவிட்டோம் என்று மகிழ்பவர், அளவில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இழந்திருக்கலாம். அளவு நாடாவின் மறுமுனையை நீங்களே பிடியுங்கள்.

ஆயினும், அளவை நீங்களே எழுதிக் குத்தகையாளரிடம் கொடுத்துவிடாதீர்கள். இது முக்கியம். பதமேற்றிய கண்ணாடியைப் பின்னர் வெட்ட முடியாது என்றேன் அல்லவா? அளவு தவறினால் அந்தத் தகடு வீண். அவர் அளந்திருந்தால் நட்டம் அவருடையது. நீங்கள் கொடுத்த அளவானால் நட்டம் உங்கள் தலையில். எனவே அவரே வீட்டுக்கு வந்து அளக்கட்டும். நீங்கள் அருகில் நின்று பாருங்கள். தொழில் தெரிந்தவர் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளப்பார், உயரத்தையும் அவ்வாறே. நம் சுவர்கள் நேராக இருப்பதாகத் தோன்றினாலும் நேராக இருப்பதில்லை. மூன்றில் சிறிய அளவை எடுத்து, அதிலும் சில மில்லிமீட்டர் குறைத்துக் கண்ணாடிக்கு அளவு எழுதுவார். வாசலில் நின்று ஒருமுறை நாடாவை இழுத்துவிட்டு 'சரி' என்பவரைப் பார்த்தால் எனக்குப் புது வெட்டாளின் நினைவு வருகிறது. மரத்தில் ஒரே வீச்சில் வெட்டிக் காயப்படுத்திவிட்டுப் பால் அதிகம் வந்தது என்று பெருமைப்படுவான். பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும்.

சரி, நல்லவரை எங்கே தேடுவது? விளம்பரத்திலிருந்து தொடங்காதீர்கள். மின்கம்பத்தில் ஒட்டிய தாளில் எல்லாரும் கெட்டிக்காரர்களே. ரவாங்கிலோ, பத்தாங் காலியிலோ, கோல சிலாங்கூரிலோ, நிலையான கடையும் பட்டறையும் உள்ள இரண்டு மூன்று பேரிடம் செல்லுங்கள். சுவரில் நகராண்மைக் கழக உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைப்பெயர் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.-இல் பதிவானதா என்று கேளுங்கள். பதிவு எண் ரசீதிலேயே இருக்க வேண்டும். கட்டுமான வேலை எடுப்பவர்கள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டின் 520-ஆம் சட்டம் கூறுகிறது. சி.ஐ.டி.பி. என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அதில் ஜி1 முதல் ஜி7 வரை தரங்கள் உண்டு. சிறிய வேலைகளுக்கானது ஜி1. ஒரு வீட்டுச் சன்னலுக்கு ஜி7 குத்தகையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பதிவு இருப்பது, அவர் மறைந்து ஓடக்கூடியவர் அல்லர் என்பதற்கு ஓரளவு சான்று. கைவேலை நேர்த்தியானது என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு ஒரே வழி, அவர் முன்பு செய்த வேலையைப் பார்ப்பதுதான். புதிதாகச் செய்ததைக் காட்டச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு வெயில் மழை கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சிலிக்கோன் பசை வெடித்திருக்கிறதா, சன்னலின் அடியில் சுவர் ஊறிக் கருத்திருக்கிறதா, நகரும் கதவு ஒரு விரலால் தள்ளினால் நகருமா என்று பாருங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'பழுதென்று கூப்பிட்டபோது வந்தாரா?' அந்தப் பதில் பத்து விலைக் குறிப்புக்குச் சமம்.

மூவரிடம் விலை வாங்கினால் ஒருவர் மற்ற இருவரையும்விட மிகக் குறைத்துச் சொல்வார். அவரை உடனே ஒதுக்கவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம். எதைக் குறைத்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அலுமினியச் சட்டத்தின் தடிப்பைக் குறைத்திருப்பார், அல்லது கண்ணாடியின் தடிப்பை. இரு சட்டத் துண்டுகளைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாலே கனம் வேறுபடுவது தெரியும். நாக்கோ சன்னலுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணாடி வேண்டும். விளிம்பு தீட்டப்பட்டிருக்க வேண்டும். தீட்டாத நாக்கோ தகட்டைத் துடைக்கும் தாய்மாரின் விரல்கள் அறியும் அந்த வேதனையை.

பணம் கொடுக்கும் முறைக்கு வருகிறேன். முன்பணம் கேட்பது குற்றமன்று. உங்கள் வாசலின் அளவுக்கு வெட்டிய கண்ணாடியை அவர் வேறொருவருக்கு விற்க முடியாது. ஆகவே அவர் ஒரு பங்கு கேட்பது நியாயம். என் கருத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கலாகாது. பொருள் வந்து இறங்கி, நீங்கள் முத்திரையும் தடிப்பும் பார்த்தபின் இன்னொரு பங்கு. வேலை முடிந்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்தபின் எஞ்சியது. 'முழுப் பணமும் இன்றே கொடுத்தால் பத்து விழுக்காடு கழிவு' என்பவருக்குக் கழிவு வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு என ஒன்று இருப்பதை அறிவீர்கள். 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுப்பது எளிதாகிவிட்டதாலேயே இதைச் சொல்கிறேன். அது முதுமைக்கு வைத்த பணம். கைத்தொலைபேசியில் இரண்டு தட்டலில் எடுத்து, முகம் தெரியாதவரின் கணக்கில் மேலும் இரண்டு தட்டலில் போட்டுவிட முடிகிறது. கடையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். 'என் தம்பியின் கணக்கு, மைத்துனரின் கணக்கு' என்றால் வேண்டாம். அரச மலேசியப் போலீஸ் படையின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணைத் தட்டினால், அதன்மீது புகார்கள் உள்ளனவா என்று தெரியும். பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள்.

வேலை நடக்கும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கண்ணாடியின் அடிவிளிம்பு நேரடியாக அலுமினியத்தில் உட்காரக்கூடாது. இரு சிறு ரப்பர் கட்டைகள்மீது உட்கார வேண்டும். நாம் வெட்டும் பால் எங்கெல்லாம் போகிறது என்று கேட்பீர்கள். சில இடங்களில் இங்கேயும் வருகிறது, இன்று செயற்கை ரப்பரே மிகுதி என்றாலும். சன்னல் சட்டத்தின் வெளிப்புறத்தில் அடியில் சிறு துளைகள் இருக்கும். அவை நீர் வடியும் வழி. அழகுக்காகச் சிலர் அவற்றையும் சிலிக்கோனால் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் நீர் உள்ளே திரும்பும். வேலை முடிந்ததும் தோட்டத்து நீர்க்குழாயை எடுத்துச் சன்னல்மீது கால்மணி நேரம் நீரைப் பாய்ச்சுங்கள். விடியற்காலையில் மேற்கிலிருந்து வீசும் சுமத்ராக் காற்று வரும்வரை காத்திருந்து ஒழுக்கைக் கண்டுபிடிப்பதைவிட, குத்தகையாளர் அங்கே நிற்கும்போதே கண்டுபிடிப்பது நல்லது.

சுவரை இடித்துச் சன்னலைப் பெரிதாக்குவதற்கும் முன்கூரையை நீட்டுவதற்கும் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். பத்தாங் காலி உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. பெஸ்தாரி ஜெயா கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் கீழ். 'அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்பவர் அபராதம் வரும் நாளில் உடன் நிற்கமாட்டார்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கடை வாசல் கதவுக்கு 10 அல்லது 12 மில்லிமீட்டர் பதமேற்றிய கண்ணாடி போடுவார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ எடை. 90 சென்டிமீட்டர் அகலமும் 210 சென்டிமீட்டர் உயரமும் உள்ள 10 மில்லிமீட்டர் கதவு ஏறக்குறைய 47 கிலோ வரும். அதைத் தாங்குவது தரையில் பதித்த சுழல்கருவியும் மேலே ஒரு பிடியும்தான். எனவே கண்ணாடியின் விலையை மட்டும் பேசாதீர்கள். அந்த இரும்புக் கருவி எந்தத் தயாரிப்பு, எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். கண்மட்டத்தில் ஒரு வண்ணப் பட்டையும் ஒட்டச் சொல்லுங்கள். என் தமக்கை வீட்டுக் கதவில் அது இருந்திருந்தால் குழந்தை நின்றிருப்பாள்.

இவ்வளவும் செய்தும் வேலை பழுதானால்?

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், தாளில் எழுதாவிட்டாலும் சில உத்தரவாதங்கள் இருப்பதாகவே கொள்கிறது. சேவை தக்க கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும்; சொன்ன நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும்; நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிய வேண்டும். அச்சட்டத்தின் கீழ் அமைந்ததே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். 2019-இல் தான் அந்த வரம்பு 25,000 ரிங்கிட்டிலிருந்து உயர்த்தப்பட்டது. பாரம் 1-ஐ நிரப்பி 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தினால் போதும். கோரிக்கை மூன்று ஆண்டுக்குள் பதியப்பட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. அவரும் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களும் வைத்துக்கொள்ள முடியாது. தீர்ப்புக்குக் கட்டுப்படாமலிருப்பது குற்றம். இத்தனை வசதியிருந்தும் நம்மவர் பலர் போவதில்லை. 'அரசாங்க அலுவலகம், மலாயில் பேச வேண்டும், ஒருநாள் சம்பளம் போகும்' என்று தயங்குகிறார்கள். ஒருநாள் சம்பளம் போவது மெய்தான். ஆனால் மூவாயிரம் ரிங்கிட் கதவுக்கு முன் அது பெரிதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த மன்றம் வீட்டுப் பயனீட்டை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. கடைக்காகச் செய்த வேலையில் தகராறு என்றால், 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை முறையில் தொடுக்கலாம். இரண்டிலும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை விலைக் குறிப்பு, ரசீது, பணம் செலுத்திய சான்று, பழுதின் படம். என் தமக்கையார் வழக்குத் தொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் சட்டம் இல்லாமை அன்று. யார்மீது தொடுப்பது என்பதற்கு ஒரு பெயர் இல்லாமையே.

அந்தக் கதவுக்குப் பின்னர் வேறொருவர் 8 மில்லிமீட்டர் பதமேற்றிய கண்ணாடி போட்டுக் கொடுத்தார். வயதானவர், இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூலையிலுள்ள முத்திரையை அவரே துடைத்துக் காட்டிவிட்டுத்தான் கண்ணாடியை ஏற்றினார். குழந்தை இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். அந்தக் கதவருகே வரும்போது மட்டும் கையை முன்னே நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டே நடக்கிறாள்.

தோழர்களே, மேசையருகே ஒவ்வொருவராக வரலாம். இரண்டாவது துண்டின் மூலையில் முத்திரை இருக்கிறது. மூன்றாவதின் விளிம்பில் கோடு தெரிகிறதா என்று விளக்கருகே பிடித்துப் பாருங்கள். முதல் துண்டை நான் கையுறையுடன் காட்டுகிறேன். விலைக் குறிப்பு எழுதி வாங்குவதற்கான மாதிரித் தாள்களைத் தமிழிலும் மலாயிலும் அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர் யாரேனும் இருந்தால், ரசீதுடன் கூட்டம் கலைந்தபின் என்னைப் பாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.